தொங்கான்காரர்கள் கேட்ட பள்ளிப்படைச் சரித்திரம்

பிள்ளைகளே, போன வாரம் பாசாரில் ஒரு மீன்காரர் என்னைப் பார்த்து, "என்னா ராஜா வீட்டுக் கிராணி, சௌக்கியமா?" என்று கேட்டதும் நீங்கள் மூன்று பேரும் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அப்பா எந்த ராஜா வீட்டில் வேலை பார்த்தார் என்று சின்னவள் இரண்டு நாளாக விடாமல் கேட்கிறாள். நான் எந்த ராஜா வீட்டுப் படியையும் மிதித்ததில்லை. அந்தப் பெயர் எனக்கு வந்த விதத்தை இங்கே எழுதிவைக்கிறேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து முக்கியமான இடத்தை முதலிலேயே சொல்லிவிடுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் பினாங்கில் வெல்ட் கீ துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அரிசியும் வெங்காயமும் துணிக்கட்டும் தொங்கான் என்கிற பெரிய படகுகளில் இறங்கிக் கரைக்கு வரும். தொங்கானில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு தண்டல். தண்டல் என்றால் படகை நடத்துகிறவர். ஆள் கருங்காலிக் கட்டை போல் இருப்பார். குரல் கப்பல் சங்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

எனக்கு இன்னொரு இடமும் இருந்தது. பினாங்குத் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் தமிழர் வாசகசாலை. சாயங்காலம் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவேன். ஊரிலிருந்து வரும் பத்திரிகைகள் மேஜைமேல் கிடக்கும். கிராணிகளும் கடைக்காரர்களும் வாத்தியார்களும் வந்து படிப்பார்கள். தொங்கான்காரர்களுக்கு அங்கே இடமில்லை. முன்பு ஒரு தரம் அவர்களில் ஒருவன் மேலே ஏறிவந்து, வெற்றிலைச் சாற்றைச் சன்னல் வழியாகத் துப்பினான். அது நேரே கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பாயின் கிளாசில் போய் விழுந்தது. அன்றைக்கே காரியக் கமிட்டி கூடி, துறைமுகக் கூலிகளைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டுப் பலகையில் எழுதி மாட்டிவிட்டார்கள். பாய் பாவம், "கிளாசைக் கழுவிட்டேன், வுடுங்களேன்லா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

அந்த வருஷம் ஊரிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக் கட்டில் ஒரு கட்டுரையைக் கண்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வயலுக்கு நடுவே நிற்கும் ஒரு சின்னக் கற்கோயிலைப் பற்றியது. அதைச் சிவன் கோயில் என்றுதான் ஊரார் நினைத்திருந்தார்களாம். சுவரில் உள்ள பழைய எழுத்தைப் படித்தவர்கள், அது பள்ளிப்படை என்று கண்டுபிடித்திருந்தார்கள். பள்ளிப்படை என்பது ராஜாவை அடக்கம் செய்த இடத்தின்மேல் எழுப்பும் கோயில். கீழே சோழ ராஜா. மேலே சிவலிங்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அதைக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் முழுக்கப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்தது. அப்படி அடித்தால் தொங்கான் நகராது. எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே முடங்கிக் கிடந்தோம். பொழுது போகட்டும் என்று என் தாளை எடுத்து வாசித்தேன். முதல் இரண்டு பக்கம்தான் ஆகியிருக்கும். கோயில் எங்கே இருக்கிறது, அதில் விளக்கெரிக்க என்ன ஏற்பாடு என்கிற வரைக்கும். முப்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு "ம்... ம்..." என்று கேட்டார்கள். மழை விட்டுவிட்டது. கப்பல்காரன் மேலேயிருந்து கத்தினான்.

"அட சனியனே, இன்னுங் கொஞ்சம் பெஞ்சா என்ன?" என்று மழையைத் திட்டினான் ஒருவன்.

அன்று சாயங்காலம் தண்டல் என்னோடு கரையில் நடந்துவந்தார்.   நடந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, அந்த மாடில தெனமும் இப்படித்தான் படிக்கிறாங்களா?"

"ஆமாண்ணே."

"எங்களுக்கு எழுத்து தெரியாது. காது இருக்குல்ல? ஒரு ஓரமா ஒக்காந்து கேட்டா ஒங்க மாடி எறங்கிருமா? கள்ளுக்கடைக்கும் கொங்சிக்கும் நடந்து நடந்து சலிச்சுப்போச்சுடா."

கொங்சி என்பது அவர்கள் கூட்டமாகத் தங்கும் வீடு. ஒரு கூடம், நாற்பது பாய், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவுதான் அவர்களுடைய பினாங்கு.

எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. வாசகசாலைச் செயலாளரிடம் போனேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். மெலிந்த ஆள். கோட்டுப் பித்தான் கழுத்துவரை போட்டிருப்பார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கிராணி, எனக்கு அவங்க மேல கோபம் இல்லே. வாசகசாலைன்னா ஒரு ஒழுங்கு வேணும். நீர் ஒண்ணு செய்யும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீரே ஒரு பிரசங்கம் பண்ணும். அவங்களைக் கூட்டிட்டு வாரும். ஆரம்பத்திலேருந்து முடிவு வரைக்கும் சபை மரியாதையோட இருந்தாங்கன்னா, பலகையைக் கழட்டிடச் சொல்றேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

"என்ன விஷயம் பேசுறதுங்க?"

"அந்தப் பள்ளிப்படைச் சரித்திரத்தையே பேசும். நீர்தானே அதைப் படிச்சுக் குதிச்சுக்கிட்டிருந்தீர்."

மறுநாள் தொங்கானில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். "நம்ம ராஜா ஒருத்தர் செத்துப்போனது, அவரை அடக்கம் பண்ணுனது, எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை முறையாச் சொல்லப்போறேன். எல்லாரும் வாங்க. மரியாதையா இருக்கணும். ஒங்களைச் சேக்குறதும் சேக்காததும் அன்னைக்கு நீங்க நடந்துக்கிறதுல இருக்கு."

தண்டல் தலையை ஆட்டினார். "எங்களுக்கு முறை தெரியாதா தம்பி? அதைப் பத்திக் கவலைப்படாதே."

இந்த வார்த்தையை அன்று நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் பின்னால் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

அந்த வாரம் முழுக்கப் பிரசங்கம் எழுதினேன். பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டேன். "மகாசபையோர்களே" என்று ஆரம்பித்து அரைப் பக்கம் அவையடக்கம். உங்கள் அம்மா பெரியவனை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். குழந்தை தூங்கிப்போயிற்று. அவளும் இரண்டு தரம் கொட்டாவி விட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நீங்க இப்படிப் பேசுனா அந்த ராஜா ரெண்டாந்தரம் செத்துப்போவாரு."

எனக்குக் கோபம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாடியில் முன்வரிசை நாற்காலியில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தரையில் பாய் விரித்திருந்தோம். வாசலில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம். எனக்குப் போடவென்று ஒரு மாலைகூட வாங்கியிருந்தார்கள். தொங்கான்காரர்கள் வந்தார்கள் பாருங்கள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் துவைத்த வேட்டி. ஒருவன் வாயிலும் வெற்றிலை இல்லை. சத்தமில்லாமல் படியேறி, சத்தமில்லாமல் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவருக்குத் திருப்தி என்று தெரிந்தது. எனக்குத்தான் ஏதோ போல் இருந்தது. எப்போதும் ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு கூச்சல் போடுகிறவர்கள்.

தாளைப் பிரித்து "மகாசபையோர்களே" என்றேன். ஒரு "ம்" கூட வரவில்லை. அரைப் பக்கம் போனதும் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. உங்கள் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தாளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே பேசின மாதிரியே பேசினேன்.

நான் அன்று சொன்னதை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜா இறந்துபோனார். போரிலா நோயிலா என்று கல்லில் இல்லை. அவர் மகன் பட்டத்துக்கு வந்தான். அப்பா அடங்கிய இடத்தில் கருங்கல்லால் கோயில் கட்டி, சிவலிங்கம் வைத்தான். ராஜாக்களுக்குப் பெரிய கோயில் கட்ட முடியாமலா? இது சின்னக் கோயில். நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஆனால் ஏற்பாடுகள் பெரிது. பூசைக்கு நிலம் விட்டான். பூந்தோட்டம் வைத்தான். அங்கே தங்கும் சாமியார்களுக்குத் தினமும் சோறு. மண்டபத்தில் பாரதம் படிக்க ஒரு ஆள். ராவும் பகலும் அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கு. அந்த விளக்கின் நெய்க்காகத் தொண்ணூறு ஆடு.

இந்த இடத்தில் கமிட்டியில் ஒருவர், கோயில் காரியஸ்தர், எழுந்துவிட்டார்.

"நிறுத்துமய்யா. சமாதி மேல சிவலிங்கமா? சிவ சிவா! பொணத்து மேல யாராச்சும் கோயில் கட்டுவாங்களா?"

 பதில் படிக்கட்டிலிருந்து வந்தது. தேத்தண்ணிக் கடை பாய் கிளாஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனய்யா, சூலியா தெரு தர்காவுக்கு வருஷா வருஷம் சர்க்கரை வாங்கிட்டு வர்றீங்களே, அங்க என்ன, நெல்லு மூட்டையா வெச்சிருக்கு? பெரியவங்க அடங்குன எடத்துல வெளக்கு எரியறது நமக்குப் புதுசா? நீங்க பேசுங்க கிராணி."

காரியஸ்தர் உட்கார்ந்தார். ஆனால் அவர் பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அது கெடக்கட்டும். ஆட்டுல ஏதுய்யா நெய்? மாடுன்னாலும் சொல்லலாம்" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். கப்பலில் ஆடு வந்தால் இறக்குகிறவன் அவன்தான். ஊரில் ஆட்டுக் கிடை போட்டவன்.

"சொல்லலாங்களா?" என்று கேட்டான். செயலாளர் தலையசைத்தார். எழுந்து நின்று, தணிந்த குரலில் பேசினான்.

"ஆட்டுப் பாலைத் தயிராக்கி வெண்ணெ எடுத்துக் காச்சுவோங்க. நெய் கெட்டியா வரும். கொஞ்சந்தான் வரும். அதான் தொண்ணூறு. அதுல பாதி செனையா இருக்கும், பாதி கறக்கும். சாவுற ஆடு சாவும். குட்டி போடுற ஆடு போடும். சாவுறதுக்குக் குட்டியச் சேத்துக்கிட்டே வந்தா எந்த நாள்லயும் தொண்ணூறு நிக்கும். ராசா ரொம்ப வெவரமான ஆளு வெச்சிருந்திருக்காரு. காசு குடுத்திருந்தா செலவாயிருக்கும். ஆடு செலவாகாதுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். கட்டுரை எழுதின பண்டிதர்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. செயலாளர் பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் மீதியைச் சொன்னேன். ராஜாவின் பேரன் போனான், பேரனின் பேரன் போனான், அந்த வம்சமே போயிற்று. நிலம் கைமாறிற்று. ஆடு யாரிடம் போனதோ. விளக்கு அணைந்தது. மண்டபம் ஒரு பக்கம் சரிந்தது. பக்கத்து ஊரார் லிங்கத்தை மட்டும் விடாமல் கும்பிட்டு வந்தார்கள். யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, சுவரில் பள்ளிப்படை என்று வெட்டியிருந்ததைப் படித்துப் பயந்திருக்க வேண்டும். சாவுக் கோயிலில் எப்படிக் கல்யாணத்துக்குத் தேங்காய் உடைப்பது என்று நினைத்திருப்பார். உளியால் அந்தச் சொல்லைக் கொத்திவிட்டார். முழுக்கப் போகவில்லை. இப்போது கல்வெட்டுப் படிக்க வந்தவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார்கள். கொத்தின இடத்திலும் எழுத்தின் அடி தெரிந்தது. ராஜா மறுபடி வெளியே வந்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது பின்னால் யாரோ "ச்சு" என்றார்கள். வேறு சத்தமில்லை. ஊறுகாய் போல நடுவில் இரண்டு வேடிக்கை சொல்லியிருந்தேன். அதற்கும் ஒருவன் சிரிக்கவில்லை.

செயலாளர் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அது நடந்தது. தண்டல் எழுந்தார். அவரோடு முப்பது பேரும் எழுந்தார்கள். ஒரு கும்பிடு இல்லை. ஒரு வார்த்தை இல்லை. வரிசையாகப் படியில் இறங்கிப் போனார்கள். வாசலில் வெற்றிலைத் தட்டு நீட்டினவன் நீட்டினபடியே நின்றான். ஒருவன்கூடத் தொடவில்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டேன். தண்டல் திரும்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் மாலையோடு அப்படியே நின்றார். பிறகு அதை மேஜைமேல் வைத்தார்.

"பார்த்தீரா? சபை கலையறதுக்கு முன்னாடி, சொல்லாமக் கொள்ளாம எழுந்து போறாங்க. தாம்பூலத்தைத் தொடலே. இதைவிட ஒரு அவமரியாதை உண்டா? நான் நல்ல அபிப்பிராயத்துக்கு வந்துட்டிருந்தேன், கிராணி."

 என் பிரசங்கம் பிடிக்காமல் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். தாளைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உங்கள் அம்மா வாசலில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து, "ராஜா செத்துட்டாரா?" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். 

"வெத்தலை எடுக்கலியா?"

"இல்லேங்கிறேனே."

"போறப்ப போயிட்டு வர்றோம்னு சொல்லலியா?"

"ஒரு வார்த்தை சொல்லலே!"

"தலையில எண்ணெ வெச்சிருந்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். முப்பது தலையும் பரட்டையாகத்தான் இருந்தது. "இல்லே. ஏன்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட மக்கு மனுஷா! அவங்க பிரசங்கத்துக்கா வந்தாங்க? கேதத்துக்கு வந்திருக்காங்க! துக்க வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லுவாங்களா? தாம்பூலம் வாங்குவாங்களா?" பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "நீங்களும் அங்கதானே நின்னு அவ்வளவையும் சொன்னீங்க? உள்ள வராதீங்க. மொதல்ல கொழாய்க்குப் போங்க" என்றாள்.

நான் குழாய்க்குப் போகவில்லை. துறைமுகத்துக்கு ஓடினேன். கொங்சிக்குப் பக்கத்தில் தெருக்குழாய் இருந்தது. முப்பது பேரும் வரிசையில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டல் முதலிலேயே குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது!" என்றேன். மூச்சு வாங்கிற்று.

"என்ன என்னங்கிறே? நம்ம ராஜா செத்த சேதி சொன்னே. கேட்டோம். வந்தோம். தலை முழுகுறோம்."

"அவரு செத்து ஆயிரம் வருஷம் இருக்கும்ணே!"

"இருக்கட்டும்லா. எங்க காதுக்கு இன்னைக்குத்தானே வந்துச்சு?" தண்டல் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எங்காத்தா செத்து நாலு மாசங்கழிச்சுத்தான் எனக்குக் கடுதாசி வந்துச்சு. அன்னைக்கு இதே கொழாய்லதான் முழுகுனேன். கடல் தாண்டி வந்தவனுக்குக் கடுதாசி வர்ற அன்னைக்குத்தானேடா சாவு? நாலு மாசமானா என்ன, ஆயிரம் வருஷமானா என்ன? பாவம், அவரு அடங்குன எடம்னு இருந்த எழுத்தைக்கூட கொத்திப்புட்டானுங்களாமே. அழறதுக்கு ஆளில்ல."

 அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்கண்ணே. இதை அப்படியே வாத்தியாருகிட்ட சொல்லுங்க."

"இப்படியேவா? வேட்டி மாத்திக்கிறேன்."

"வேணாம். இப்படியே வாங்க."

ஆர்மீனியன் தெருவில் செயலாளர் வீடு. ரிக்ஷாக்காரர்கள் எல்லாம் ஈர வேட்டியோடு ஓடும் தண்டலையும் அவரை இழுத்துக்கொண்டு ஓடும் என்னையும் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் நான் இரண்டு தரம் தண்டலிடம், "வெத்தலையை ஏன் தொடலேன்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று பாடம் நடத்தினேன். "உள்ளதைச் சொல்றதுக்கு எதுக்குடா பாடம்?" என்றார் அவர்.

முன்கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டோம். பக்கத்துச் சந்திலிருந்து பதில் வந்தது. போய்ப் பார்த்தால், செயலாளர் கொல்லைக் கிணற்றடியில் இடுப்பில் ஒரு துண்டோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார். கழுத்துவரை பித்தான் போடுகிறவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவர் சம்சாரம் கொல்லைக் கதவுக்குள் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு வாளி ஊத்திக்குங்க. அடக்கம் பண்ணுன கதையெல்லாம் கேட்டுட்டு அப்படியே வீட்டுக்குள்ள வருவாங்களாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தண்டல் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நாலே வாக்கியம். ஆத்தா கடுதாசியையும் சொன்னார். செயலாளர் துண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"சபை மரியாதை கத்துக்கொடுக்கலாம்னு இருந்தேன், தண்டல்" என்றார். "எழுந்து நன்றி சொல்லப் போன நான்தான் அங்கே முறை தெரியாதவன். துக்கத்துல போயி மாலையை வேற தூக்கிட்டு நின்னேன்."

"பரவால்லீங்க வாத்தியாரே. நீங்க படிச்சவங்க. மறந்திருப்பீங்க" என்றார் தண்டல், நிஜமாகவே ஆறுதல் சொல்கிறவர் போல. கதவுக்குள்ளிருந்து அந்த அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் கேட்கிறது.

புதன்கிழமை கமிட்டி கூடிற்று. காரியஸ்தர் மட்டும் கொஞ்சம் முனகினார். செயலாளர் அவரிடம், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனதும் நீங்க குளிச்சீங்களா இல்லியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.  பலகை இறங்கிற்று.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஐயோ, அந்தச் சத்தம்! படி ஏறும்போதே பினாங்குத் தெரு முழுக்கக் கேட்டது. தலையில் எண்ணெய் வழிந்தது. வாய் நிறைய வெற்றிலை. தண்டல் கீழே பாயிடம் ஒரு பழைய பால் டின் வாங்கிவந்து, "டேய், துப்புறவன் இதுலதான் துப்பணும். சன்னலைப் பாத்தவன் கண்ணைத் தோண்டிருவேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி மூலையில் வைத்தார். புத்தகத்தில் பேர் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துத் தெரிந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் பெருவிரல் மை. ஆடு இறக்குகிறவன் மையைத் துடைக்காமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

செயலாளர், "இன்னைக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்டார்.

தண்டல் உடனே சொன்னார். "அந்த ராஜா மவன் இருக்கான்ல, கோயில் கட்டுனவன்? அவன் அப்புறம் என்ன ஆனான்?"

"ஆமா, அவனுக்கு யாரு கோயில் கட்டுனா?" என்றான் இன்னொருவன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த சரித்திரம் அந்தக் கணக்குத் தாளோடு சரி.

"புஸ்தகம் வரவழைக்கணும். சென்னைப் பட்டணத்துக்கு எழுதுறேன்" என்றார் செயலாளர்.

"எப்ப வரும்?"

"கப்பல்லதானே வரணும்? ஆறு வாரம், ஏழு வாரம் ஆகும்."

"எந்தக் கப்பல்னு மட்டும் சொல்லுங்க வாத்தியாரே. நாங்கதானே எறக்கப்போறோம்!"

அதிலிருந்துதான், ஒவ்வொரு பட்டணத்துக் கப்பல் வரும்போதும் தொங்கானிலிருந்து எவனாவது ஒருவன், "ராஜா வீட்டுக் கிராணி! மவன் வந்துட்டானா?" என்று கத்துவான். கரையெல்லாம் அந்தப் பெயர் பரவிவிட்டது. எட்டாவது வாரம் பெட்டி வந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சின்னப் பெட்டி. அதைக் கயிறு கட்டி இறக்கத் தண்டல் சம்மதிக்கவில்லை. தானே கப்பலில் ஏறித் தோளில் வைத்து ஏணியில் இறங்கினார். தொங்கானில் உட்காரவும் இல்லை. அலையில் ஆடிக்கொண்டு, பெட்டியைத் தோளில் பிடித்தபடியே கரைவரை நின்றுகொண்டு வந்தார்.

"ஒடைடா தம்பி" என்றார், கரையில் கால் வைத்ததும்.

"மாடிக்குப் போயி ஒடைக்கலாம்ணே. வாத்தியாரு வரட்டும்."

"அவரு வரட்டும். நீ மொத ரெண்டு பக்கத்தை மட்டும் இங்கயே படி."

மழை இல்லை. கப்பலில் ஆயிரம் மூட்டை பாக்கி. ஆனாலும் முப்பது பேரும் மூட்டைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பெட்டியை உடைத்தேன்.